மூன்றாவது கட்டம்

ஒன்பதரைக்கு வகுப்பு.
அரிசி டப்பாவில் சாய்த்த போன்
கேரளத்து டவரை விட்டுத்
தமிழ்நாட்டு டவரைப் பிடித்து
மறுபடி இங்கேயே வந்து நிற்கும்.
கொழிஞ்சாம்பாறையில் அது வழக்கம்தான்.

திரையில் பதினெட்டுச் சதுரம்.
நாசிக்கில் ஒரு நர்ஸ், சீருடை மாற்றாமல்.
ஹூப்ளிக்காரர் காருக்குள் உட்கார்ந்திருக்கிறார்,
வீட்டில் குழந்தை தூங்குகிறதாம்.
காமிராவை அணைத்துவிட்டு யாரோ சப்பாத்தி தேய்க்கிறாள்,
மைக்கை அணைக்க மறந்து.
நான் பிளாரன்ஸ், பகலில் பட்ஸ் ஸ்கூல் டீச்சர்,
வயது முப்பத்தொன்பது,
மாதத் தவணை ஆறாயிரத்து இருநூறு.

ரேவா மேடம் முதல் நாளே சொன்னார்:
கோபம் என்று எழுதாதீர்கள்.
அடம், சேட்டை, பாவம், எதுவும் வேண்டாம்.
கோபத்தை யாரும் பார்த்ததில்லை.
கை எங்கே போனது, எத்தனை முறை,
அதை எழுதுங்கள்.

தாளில் மூன்று கட்டம்.
முன்னால் நடந்தது. அவன் செய்தது. பின்னால் நடந்தது.

தர்ஷித்துக்கு ஆறு வயது. பேச்சு இல்லை.
என் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பான், நகம் பதியும்.
என் கவனத்துக்காகத்தான் என்று முடிவுகட்டினேன்.
கவனிக்காமல் இருந்தேன், எண்ணிக்கொண்டே.
திங்கள் ஒன்பது. செவ்வாய் பதினான்கு.
புதன் எண்ணவில்லை, பஞ்சாயத்து மீட்டிங்.
வியாழன் இருபத்திரண்டு.

பயப்படாதீர்கள் என்றது அந்த வாரப் பாடம்:
கிடைத்துக்கொண்டிருந்தது நின்றுபோனால்
செய்கை உடனே நிற்காது,
முதலில் முறுக்கேறும்,
அப்புறம்தான் ஓயும்.
இதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.
மேட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாளில்
எங்கள் தெருவே வந்து திருகும்,
குழாயின் தலையில் தட்டும்,
வாய்வைத்து உறிஞ்சும்,
தண்ணீர் திறப்பவனின் அம்மாவை இழுக்கும்.
மூன்றாம் நாள் குடத்தைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்து லாரிக்குக் காத்திருக்கும்.

தர்ஷித்தும் ஓய்ந்தான்.
எட்டு. மூன்று. பூஜ்யம். பூஜ்யம்.
கோடு அழகாக இறங்கிய வரைபடத்தை
மேடத்துக்குப் பெருமையாக அனுப்பினேன்.
(பெருமை என்று எழுதக்கூடாது.
இரண்டு முறை அனுப்பினேன்.)

அவர் ஒன்றுதான் கேட்டார்:
பிடித்து இழுத்தான், சரி.
எந்தப் பக்கம்?

தாளில் அது இல்லை.
மணிக்கட்டில் இருந்தது,
ஒரே சாய்வில் ஆறிய கோடுகள்.
மறுநாள் அவன் இடத்தில் உட்கார்ந்து
கையை அந்தச் சாய்வுக்கே திருப்பிப் பார்த்தேன்.
வடக்குச் சுவர்.
சுவரோரம் தண்ணீர் ட்ரம்.
மூடி இறுக்கம். டம்ளர் அலமாரியில்,
என் உயரத்துக்கு.

இரவு மூன்றாவது கட்டத்தை மட்டும் வாசித்தேன்.
அதில் அவன் ஒரு இடத்திலும் இல்லை.
டீச்சர் கையை எடுத்துக்கொண்டார்.
டீச்சர் முகத்தைத் திருப்பினார்.
டீச்சர் கையை எடுத்துக்கொண்டார்.
என் கையெழுத்து
கீழே போகப்போகத் திருத்தமாகியிருந்தது.

எந்தச் சொல்லைக் கற்றுக்கொடுக்க என்று கேட்டேன்.
பள்ளியில் வெள்ளம் என்போம்.
அவன் அம்மா கோகிலவாணி நெகமத்துக்காரி,
அவளுக்கு வெள்ளம் என்றால் கரை உடைவது,
மாடு மிதப்பது.
வெள்ளம் என்றாலும் கொடுங்கள், தண்ணி என்றாலும் கொடுங்கள்.
சொல் வரும்வரைக்கும் மேடம்?
இழுத்தால் கொடுங்கள்.

இழுக்கவில்லை.
நான் சொல்லிக்கொடுத்ததை
அவன் கற்றுக்கொண்டிருந்தான்.

புதுத் தாளில் நடுக்கட்டம் எனக்கு:
கை நீட்டுதல்.
திங்கள் முப்பது. செவ்வாய் முப்பத்தொன்று.
புதன் பதினொன்று இருபதுக்கு
மணிக்கட்டில் ஒரு விரல்.
நகம் படவில்லை.

பின்னால் நடந்தது:
அன்றைக்கு ட்ரம் காலி.
என் பாட்டிலில் பாதி இருந்தது.